பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தியும் நடுநிலையும்

1954 ஜூலை 5 மாலை பிபிசி தன் முதல் தொலைக்காட்சிச் செய்தியறிக்கையை ஒளிபரப்பியது. வாசித்த ரிச்சர்ட் பேக்கரின் குரல் மட்டுமே கேட்டது; திரையில் வரைபடங்களும் நிழற்படங்களும் வந்துபோயின. புருவம் சற்று உயர்ந்தாலும் உதடு லேசாகச் சுழித்தாலும் வாசிப்பவரின் அரசியல் தெரிந்துவிடும் என்று மேலிடம் அஞ்சியதால் அவர் முகம் காட்டப்படவில்லை.

இந்த அச்சம் வானொலியின் வழிவந்தது. அங்கே செய்தி வாசித்தவருக்குப் பெயரே கிடையாது. 1940இல் பெயர் சொல்லத் தொடங்கியதும் போருக்காகத்தான்: எதிரி போலிச் செய்தி வாசித்தால் நேயர்கள் கண்டுகொள்ள வேண்டும் அல்லவா?

முகத்தை வெளியே கொண்டுவந்தது போட்டி. வணிகத் தொலைக்காட்சிக்கு வழிதிறந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம், அதன் செய்திகள் துல்லியமாகவும் நடுநிலையோடும் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதன் செய்தி நிறுவனமான ஐடிஎன் 1955 செப்டம்பர் 22இல் தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே பிபிசி கென்னத் கெண்டலைத் திரையில் காட்டிவிட்டது.

ஐடிஎன் தேர்ந்தெடுத்தவர்கள் வெறும் வாசிப்பாளர்கள் அல்லர். 5,000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்த கிறிஸ்டோபர் சாட்டவேயும், வழக்கறிஞரான ராபின் டேயும் செய்தியைத் தங்கள் நடையில் சொன்னார்கள். அமைச்சர்களைக் கேள்வி கேட்டார்கள். 1959 தேர்தலில் சாட்டவே கன்சர்வேட்டிவ் கட்சியின் உறுப்பினராக வென்றார். டே லிபரல் கட்சிக்காக நின்று தோற்றார். இருவருக்கும் திடமான அரசியல் இருந்தது. ஆகவே அரசியல் இல்லாதவரைத் தேடுவது நடுநிலையாகாது. இருக்கும் அரசியல் கேள்வியின் கூர்மையைக் குறைக்காமல் பார்த்துக்கொள்வதே நடுநிலை.

அந்தப் பொறுப்பின் கடினம் 1982இல் ஃபாக்லண்ட் போரின்போது தெரிந்தது. பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சியில் பீட்டர் ஸ்னோ, பிரிட்டன் சொல்வதை நம்புவதானால் என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்தார். தன் நாட்டு அரசின் கூற்றையும் எதிரியின் கூற்றைப் போலச் சரிபார்க்க வேண்டியதாக வைத்த அந்தச் சொற்கள், ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவருக்குத் தேசத்துரோகத்தை ஒட்டியதாகப் பட்டன. ‘நம் படைகள்’ என்னாமல் ‘பிரிட்டிஷ் படைகள்’ என்றதற்கும் கண்டனம் எழுந்தது. பிபிசி பணியவில்லை. அதன் வரலாற்றில் பெருமைக்குரிய நாட்களில் அவையும் சேரும்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒளிபரப்புக் கண்காணிப்பை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமிடம் ஒப்படைத்தது. விதிவிலக்கான காரணமின்றி அரசியல்வாதி எவரும் செய்தி நிகழ்ச்சியில் வாசிப்பாளராகவோ பேட்டியாளராகவோ இருக்கக் கூடாது என்பது ஆஃப்காமின் விதி. ஆனால் நடுநிலைச் சிக்கல் அரசியல்வாதிகளோடு நிற்கவில்லை. 2020 மே மாதம் நியூஸ்நைட்டின் எமிலி மெய்ட்லிஸ், ஊரடங்கு விதியைப் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் மீறியதாகத் தொடக்க உரையிலேயே சொன்னார். அந்த முன்னுரை நடுநிலை நெறிக்கு உட்படவில்லை என்று பிபிசியே அறிவித்தது.

அரசியல்வாதிகள் பற்றிய விதியும் சோதனைக்கு உள்ளானது. 2024 மார்ச்சில் ஆஃப்காம், ஜிபி நியூஸ் தொலைக்காட்சியின் ஐந்து நிகழ்ச்சிகளில் அரசியல்வாதிகள் செய்தி வாசிப்பாளராகச் செயல்பட்டது விதிமீறல் என்றது. அவற்றுள் இரண்டு, முன்னாள் அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக் நடத்தியவை. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நடப்பு விவகார நிகழ்ச்சியை அதே நேரம் செய்தி நிகழ்ச்சியாகவும் கொள்ள முடியாது என்று கூறி, 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவ்விரு முடிவுகளையும் ரத்துசெய்தது. மற்ற மூன்றையும் ஆஃப்காம் விலக்கிக்கொண்டது.