மட்டக்களப்பு வானமும் விண்தொடர் பலகையும்

இரவு வானத்தை நெடுநேரம் பதிவுசெய்யும் ஒளிப்படக் கலையின் வரலாறு, புவியின் சுழற்சியை ஈடுசெய்யும் கருவியில் தோன்றிய பிழைகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து களைந்த வரலாறே ஆகும். 1824இல் ஜெர்மானிய ஒளியியலாளர் பிரான்ஹோபர் செய்து, இன்றைய எஸ்தோனியாவிலுள்ள டோர்பாட் வானோக்ககத்தில் நிறுவப்பட்ட தொலைநோக்கி, எடைக்கல்லால் இயங்கும் கடிகாரப் பொறியின் துணையோடு விண்மீனைத் தானாகவே தொடர்ந்தது. 1850இல் ஹார்வர்ட் வானோக்ககத்தில் வானியலாளர் பாண்டும் ஒளிப்படக் கலைஞர் விப்பிளும் வேகா விண்மீனை முதன்முதலாகத் தகட்டில் பதித்தபோதிலும், கடிகாரப் பொறி சீராக ஓடாமையால் அப்பணி தடைப்பட்டது. பொறி திருத்தப்பட்ட பின்னர், 1857இலேயே அது மீண்டும் முனைப்புடன் தொடங்கியது. 1880இல் அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் பதிவுசெய்ய முடிந்தமைக்கும் பொறியின் சீரான ஓட்டம் இன்றியமையாததாக இருந்தது.

பெரும் வானோக்ககங்களுக்கே உரியதாயிருந்த இவ்வசதியை எளியோரின் கைக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெய்க் ஆவார். 1975இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் அவர் விவரித்த கருவியான விண்தொடர் பலகையில், ஒரு பிணைச்சலால் இணைந்த இரு பலகைகளும், அவற்றை மெல்ல விரிக்கும் புரிக்கம்பி ஒன்றும் மட்டுமே உண்டு. பிணைச்சலின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்தி, மேற்பலகையில் கமராவைப் பொருத்தி, கம்பியை நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் திருப்பினால், பலகை விண்மீன்களின் வேகத்திலேயே விரியும். அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் உள்ள கம்பியாயின், அது பிணைச்சலிலிருந்து 228.6 மில்லிமீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும். இத்தொலைவு 5 மில்லிமீட்டர் குறைந்தால், பலகை 2 சதவீதத்துக்கும் மேல் விரைந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 விகலை முந்திவிடும். விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்காகும். கம்பி நேராக இருப்பதால் நேரும் பிழையோ 10 நிமிடத்தில் ஏறத்தாழ 6 விகலையாக இருந்து, 20 நிமிடத்தில் 46 விகலையாகப் பெருகும். கம்பியை வட்டவில்லாக வளைத்தல் இதற்குரிய தீர்வாகும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவான இக்கருவி மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வரும்போது அதன் பிழைகளும் வேறாகின்றன. ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்திலேயே அங்கு வானத் துருவம் நிற்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் தெளிவாகத் தெரியும் துருவநட்சத்திரம், மட்டக்களப்பில் ஏறத்தாழ 8 பாகை உயரத்தில், தென்னை மரங்களாலும் கடலோர ஈரப்புகையாலும் மறைக்கப்பட்டுவிடுகிறது. அவ்வளவு தாழ்ந்த இடத்தில் காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், துருவம் உண்மை நிலையிலிருந்து 6 கலைக்கும் மேல், அதாவது பாகையின் பத்தில் ஒரு பங்கு, உயர்ந்து தோன்றும். அச்சு ஏறத்தாழப் படுத்தே கிடப்பதால் கமராவின் பாரமும் பிணைச்சலைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இவற்றோடு, வாவியின் சேற்றுக்கரையிலும் கடற்கரை மணலிலும் முக்காலியின் கால்கள் மெல்லப் புதைகின்றன. கச்சான் காற்று வீசும்போது பலகை நடுங்குகிறது. உப்புக்காற்று கம்பியின் புரிகளைத் துருவேற்றுகிறது.

எது எதனால் நேர்ந்தது என்பதைப் படத்தில் விண்மீன் இழுபட்ட திசையே காட்டித் தரும். கிழக்கு மேற்காக இழுபட்டிருந்தால் பலகையின் வேகத்தில் பிழை உண்டு. வடக்குத் தெற்காக இழுபட்டிருந்தால் பெரும்பாலும் அச்சு துருவத்தை விட்டு விலகியுள்ளது. கோடு வளைந்து நெளிந்தோ இடைவெட்டாகவோ இருந்தால் கம்பியின் கோணல், துரு, தளர்ந்த பிணைச்சல், காற்று ஆகியவற்றுள் ஒன்றே காரணம். அச்சு 1 பாகை விலகினால் நிமிடத்துக்கு 16 விகலை வரை விண்மீன் நகரும் என்பதால், அகல்கோண வில்லை சிறு விலகலைப் பொறுத்துக்கொள்ளும், நீண்ட குவியத்தூர வில்லை பொறுத்துக்கொள்ளாது.

துருவநட்சத்திரம் தெரியாத இடத்தில் அச்சை நிறுத்தும் வழி, ஜெர்மானிய வானியலாளர் யூலியஸ் ஷைனர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த பெயர்வு முறையாகும். வான நடுவரைக்கு அருகே, உச்சிக்கோட்டில் நிற்கும் ஒரு விண்மீனைத் தொடரும்போது அது தெற்கே பெயர்ந்தால், அச்சின் வடநுனி துருவத்துக்குக் கிழக்கே விலகியுள்ளது. வடக்கே பெயர்ந்தால் மேற்கே விலகியுள்ளது. அதன்பின் கிழக்கு வானத்து விண்மீன் ஒன்றைத் தொடர்ந்து பார்க்கையில், அது தெற்கே பெயர்ந்தால் வடநுனி தாழ்ந்தும், வடக்கே பெயர்ந்தால் உயர்ந்தும் உள்ளது என்று கொள்ளல் வேண்டும். துருவத்தைத் தாழ்த்திவைத்த அதே அட்சரேகை, இம்முறைக்கு மட்டக்களப்பை மிகப் பொருத்தமான இடமாக்கியுள்ளது. வான நடுவரை இங்கு தலைக்கு மேல் 8 பாகை தெற்கே தள்ளிச் செல்வதால், முதற்சோதனைக்குரிய விண்மீன் ஈரப்புகைக்கு வெகு உயரத்தில் கிடைக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலிருந்து நோக்கினால் கிழக்கே கடல் தடையின்றி விரிந்திருப்பதால், காற்றுமண்டல வளைவு குறையும் 20 பாகை உயரத்துக்கு ஏறிய விண்மீனை இரண்டாம் சோதனைக்குத் தேர்ந்துகொள்ளலாம்.

ஈழத்தின் கிழக்குப் பகுதி வானியல் ஆய்வுக்குப் புதியதன்று. 1871 டிசம்பர் 12ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைத் திருகோணமலையில் பிரித்தானிய இயற்கையியலாளர் ஹென்றி மோஸ்லி நிறமாலைக்காட்டி கொண்டு ஆராய்ந்தார். 1955 ஜூன் 20 கிரகணத்துக்குப் பொலன்னறுவைப் பகுதியில் கூடிய குழுக்களை மேகம் ஏமாற்றியது. வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும் மாதங்களில் மட்டக்களப்பிலும் அதே இடர் உண்டு. ஆனால் கச்சான் காலத்து வறண்ட இரவுகளில் பால்வழியின் மையம் இங்கு 53 பாகை உயரம்வரை எழுகிறது. கிளாஸ்கோவில் அது 5 பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே அயல்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும் துருவநட்சத்திரத்தைத் தேடி இரவைக் கழிப்பதினும், உச்சிவானையும் கீழ்க்கடலையும் கொண்டு அச்சைத் திருத்திக்கொள்வதே இக்கரையின் புவியியலுக்கு இயைந்த முறையாகும். விண்தொடர் பலகையைச் செய்ய விழையும் இளைஞர் இதனை முதற்பாடமாகக் கற்பாராயின், விலைமிக்க கருவியின்றியே செம்மையான படங்களைப் பெறுவர்.