போர்க்களத்து உணவும் வரலாறும்



போர்களின் வரலாற்றைப் படிக்கும்போது தளபதியரின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனத்தில் பதித்துக்கொள்கிறோம். அந்தப் போரில் நின்ற சாதாரணச் சிப்பாய் என்ன உண்டான் என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்விக்கு விடை கூறும் சான்றுகளுள் ஒன்று, படைகளுக்கு வழங்கப்பட்ட பழைய உணவு டப்பா.

தென்காசியில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் நான் அத்தகைய டப்பாக்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் இல்லங்களில் அவை கிடைத்தன. பெரும்பாலானவை, மிளகும் கடுகும் இட்டுவைக்கும் கலங்களாக அடுக்களையில் நெடுங்காலம் உழைத்தவை.

இவற்றின் மூலக் கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்று கண்டவர் நிக்கோலா அப்பேர். 1810-இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள் என்பதைப் பாஸ்டர் விளக்கியதோ, 1860-களில்தான்.

பழைய டப்பாக்களை அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். 1824-இல் பாரியின் வடதுருவக் கடற்பயணத்தில் சென்று, திறக்கப்படாமலே திரும்பிய கன்றிறைச்சி டப்பா ஒன்றை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1938 வாக்கில் இங்கிலாந்தில் திறந்தனர். உள்ளிருந்ததை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தனர், தீங்கு நேரவில்லை. ஆயினும் இதை நம்பி நீங்கள் எந்தப் பழைய டப்பாவையும் சுவைத்துப் பார்க்கலாகாது. உயிரைப் பறிக்கும் நச்சு, மணத்திலும் நிறத்திலும் தெரியாமலே அதில் இருக்கக்கூடும்.

டப்பாவைப் போலவே, யாருக்கு எந்த உணவு என்று வகுத்த படியளவுப் பட்டியலும் சான்றேயாகும். முதல் உலகப் போரில், இன்றைய ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள கூட் நகரில், பிரிட்டிஷ் இந்தியப் படை 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகையிடப்பட்டது. வெள்ளை மாவு ரொட்டி உண்ட ஆங்கிலேயரைப் பெரிபெரி நோய் பற்றியது. தவிடு நீக்காத ஆட்டா மாவை உண்ட இந்தியர் அதற்குத் தப்பினர். ஆனால் காய்கறி இல்லை. குதிரை இறைச்சியைச் சமய வழக்கம் கருதிப் பலர் மறுத்தனர். ஆதலால் ஸ்கர்வி நோய் அவர்களை வாட்டியது. ஒரே முற்றுகை, இரு படியளவுகள், இரு நோய்கள்! தளபதியரின் வெற்றி தோல்விகளை மட்டும் படிப்பவருக்கு இச்செய்தி கிட்டாது.

நாடு விடுதலை பெற்றபின் இத்துறையை நாமே வளர்த்தோம். படையினரின் உணவை ஆராய 1961-இல் மைசூரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது.

பழம்பொருளைக் காப்பதிலும் ஒரு பாடம் உண்டு. குற்றாலத்தில் சாரல் வீசும் மாதங்களில் ஈரக் காற்று எங்கள் ஊர் வரை பரவுகிறது. டப்பாவின் மேலுள்ள வெள்ளீயப் பூச்சில் ஒரு கீறல் இருந்தாலும் போதும்; அடியிலுள்ள இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். முதலில் அழிவது பெரும்பாலும் மேலே பொறித்த எழுத்தும் ஆண்டுமே. அவை போனபின் எஞ்சுவது வெறும் தகரம்.

எனவே மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பொருள் இருந்தால் அதைத் தேய்த்து மெருகேற்ற வேண்டாம். மூடியிருந்தால் திறக்கவும் வேண்டாம். அதிலுள்ள எழுத்துகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அது யாருடையது, எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அதையும் எழுதி வையுங்கள். பெயர் அறியப்படாத ஒரு சிப்பாயின் வாழ்வில் ஒரு பக்கம் அதனால் காப்பாற்றப்படும்.