மரியாதை யாருக்கான விதி?

1995 அக்டோபரில் இணையத்தின் தொழில்நுட்ப ஆவண வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. அதன் எண் ஆர்எஃப்சி 1855. அந்த வரிசையில் வருபவை பெரும்பாலும் ஒரு கணினி இன்னொரு கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்பவை. இதுவோ மனிதர்கள் மனிதர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று சொன்னது. கோபத்தில் எழுதிய மடலை உடனே அனுப்பாதீர்கள், ஓர் இரவு பொறுத்திருங்கள். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினால் கத்துவதுபோல் இருக்கும். யாராவது சீண்டினாலும் பதிலுக்குச் சுடுசொல் வீசாதீர்கள். இப்படிப்பட்ட அறிவுரைகள். எழுதியவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய சாலி ஹாம்பிரிட்ஜ். அதற்கு முந்தைய ஆண்டு, 1994இல், இதே பொருளில் 'நெட்டிக்கெட்' என்ற நூலை எழுதியவர் வர்ஜீனியா ஷே. இருவருமே பெண்கள்.

இதை அறிந்தபோது எனக்குப் பெருமையைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. பணிவாகப் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வேலை ஏன் பெண்களிடமே வந்து சேர்கிறது? அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நமக்கொரு பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குரலை உயர்த்தினால் வாய் நீளம், எதிர்த்துக் கேட்டால் அடங்காப்பிடாரி. மரியாதை என்ற சொல்லைக் கொண்டே நம்மை வாய்மூட வைத்த வரலாறு நீண்டது. அப்படியிருக்க, மென்பொருள் உலகில் பெண்கள் ஏன் ஒழுங்குவிதி கேட்டுப் போராடினார்கள்? பெண்ணியம் பணிவைக் கேட்கலாமா? இந்தக் கேள்வியோடுதான் இந்த வரலாற்றுக்குள் நான் நுழைகிறேன்.

திறந்த மூல மென்பொருள் என்பது, அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வருவது. 1991 ஆகஸ்ட் 25 அன்று பின்லாந்தின் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியில் இருப்பது அதன் கெர்னல், அதாவது உள்மையம். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் திருத்தங்களை மடலில் அனுப்புவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருப்பார். அவர் ஏற்றால் திருத்தம் மேலே போகும். கடைசி வார்த்தை டோர்வால்ட்ஸுடையது. நேரில் பார்க்காதவர்கள் எழுத்தின் வழியே மட்டும் பழகும் இடம் இது. அங்கே ஒருவர் பேசும் விதம்தான் கதவு. திறப்பதும் அதுவே, மூடுவதும் அதுவே.

அந்தக் கதவில் எழுதப்பட்டிருந்த விதிகள் யாருக்கானவை என்று பார்க்க வேண்டும். 2001இல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் சேர்ந்து ஒரு வழிகாட்டி எழுதினார்கள். கேள்விகளைப் புத்திசாலித்தனமாகக் கேட்பது எப்படி என்பது அதன் பொருள். கேட்பதற்கு முன் தேடிப் பார், பிழையைத் துல்லியமாக எழுது, அடுத்தவர் நேரத்தை வீணாக்காதே என்று அதில் பயனுள்ள அறிவுரைகள் நிறைய உண்டு. ஆனால், முரட்டுத்தனமாகத் தோன்றும் பதிலைத் தாங்கிக்கொள்ளவும் அது புதியவருக்குக் கற்றுக்கொடுத்தது. பக்கம் பக்கமாக விதிகள் கேட்பவருக்கு. பதில் சொல்பவருக்குக் கடைசியில் ஒரு சிறு பகுதி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

'எங்களுக்கு விதிகள் கிடையாது, நல்ல நிரல் எழுதினால் போதும்' என்பது அந்தச் சமூகத்தின் பெருமைப் பேச்சு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜோ ஃபிரீமன் நினைவுக்கு வருகிறார். அமெரிக்கப் பெண் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த அவர் 1970களின் தொடக்கத்தில், கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை பற்றி எழுதினார். அவர் விமர்சித்தது ஆண்களை அல்ல, தன் தோழிகளின் குழுக்களை. தலைவர் இல்லை, விதி இல்லை என்று சொல்லும் குழுவிலும் அதிகாரம் இருக்கும். அது எழுதப்படாமல் இருக்கும், அவ்வளவுதான். எழுதப்படாத விதி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். புதிதாக வருபவள், தான் எதை மீறினோம் என்றே தெரியாமல் வெளியேறுவாள். பெண்ணியக் குழுக்களைப் பற்றிச் சொன்ன இந்த உண்மை, முப்பது ஆண்டுகள் கழித்து மென்பொருள் குழுக்களுக்கு அப்படியே பொருந்தியது.

விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் நடந்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. திறந்த மூல மென்பொருளில் பங்களிப்பவர்களில் பெண்கள் சுமார் 1.5 விழுக்காடு, மூடிய மென்பொருள் நிறுவனங்களிலோ சுமார் 28 விழுக்காடு. பெண்களுக்குக் கணினியில் ஆர்வமில்லை என்ற வழக்கமான சாக்கு இங்கே செல்லாது. அதே கணினி, அதே நிரல். சம்பளம் தரும் அலுவலகத்துக்கு வந்த பெண்கள், 'எல்லோரும் வரலாம்' என்று சொன்ன இடத்துக்கு வரவில்லை, அல்லது வந்தும் தங்கவில்லை.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1990களின் இறுதியில் டெப் ரிச்சர்ட்சன் 'லினக்ஸ்சிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். அதன் அடிப்படை விதிகள் இரண்டே: மரியாதையாக இரு, உதவியாக இரு. 2002இல் வலேரி அரோரா, லினக்ஸுக்குப் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஆண்களை நோக்கி ஒரு கையேடு எழுதினார். பெண்கள் தம்மை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை விட்டுவிட்டு, ஆண்கள் எதை நிறுத்த வேண்டும் என்று அது பேசியது. 2004இல் டெபியன் பெண்கள் குழு உருவானது. 2011இல் அரோராவும் மேரி கார்டினரும் 'ஏடா இனிஷியேட்டிவ்' அமைப்பைத் தொடங்கி, மாநாடுகளில் பாலியல் தொல்லைக்கு எதிரான எழுத்துபூர்வமான விதிகள் வேண்டும் என்று ஒவ்வொரு மாநாடாகப் போராடினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2013 ஜூலையில் நடந்ததை வைத்துப் பார்க்க வேண்டும். ஸேஜ் ஷார்ப் அப்போது இன்டெல் ஊழியர். லினக்ஸில் யுஎஸ்பி 3.0 இயங்குவதற்கான பகுதியின் பராமரிப்பாளர். ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தம்மை அடக்காதவர் ஷார்ப்; தமிழின் 'அவர்' இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. பராமரிப்பாளர்கள் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும், மற்றவர்களைத் திட்டப் பழக வேண்டும் என்பதுபோல் டோர்வால்ட்ஸும் சிலரும் கேலியும் நிஜமுமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஷார்ப் பொதுவெளியிலேயே குறுக்கிட்டார். சொல்லால் அடிப்பதை நிறுத்துங்கள் என்றார். அது கெஞ்சல் அல்ல. காட்டமான, நேரான மடல்.

டோர்வால்ட்ஸ் மறுத்தார். போலி நாகரிகமும் அலுவலக அரசியலும் முதுகில் குத்துவதும் தனக்கு வேண்டாம், தான் வெளிப்படையானவன் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. சிரித்துக்கொண்டே வேலையைப் பறிக்கும் நிறுவன நாகரிகத்தை நாமும் பார்த்திருக்கிறோம். இனிமையான குரலில் அநீதி செய்ய முடியும். ஆனால் அந்த 'வெளிப்படை' எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா? உச்சியில் இருப்பவர் கத்தினால் நேர்மை. கீழிருப்பவர் கத்தாதே என்று சொன்னாலே அது தொந்தரவு. ஷார்ப் மீது வசைகள் குவிந்தன. வெளிப்படையாகப் பேசும் உரிமை பற்றிய விவாதத்தில், வெளிப்படையாகப் பேசியதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்டார்.

2015 மார்ச்சில் கெர்னலில் ஒரு சிறு ஆவணம் சேர்க்கப்பட்டது. அதன் பெயர் 'மோதல் விதி'. நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், அது தேவையானது. தனிப்பட்ட முறையில் துன்புறுத்தப்பட்டதாக யாராவது உணர்ந்தால் ஆலோசனைக் குழுவிடம் சொல்லலாம் என்றது. எது துன்புறுத்தல், செய்தவருக்கு என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்லவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கெர்னல் சமூகத்திலிருந்து விலகிவிட்டதை ஷார்ப் வெளிப்படையாக அறிவித்தார். ஏடா இனிஷியேட்டிவும் அந்த ஆண்டோடு மூடப்பட்டது.

இதற்கிடையே 2014இல் கோரலைன் ஏடா எம்கி, பங்களிப்பாளர் உடன்படிக்கை என்ற மாதிரி விதியை எழுதியிருந்தார். எந்தத் திட்டமும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஏற்கத்தகாத நடத்தை எவை என்று அது பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அமலாக்கும் பொறுப்பைப் பராமரிப்பாளர்கள் தலையில் வைத்தது. திருநங்கையான எம்கி இதற்காகத் தொடர்ந்து அவதூறுக்கும் தொல்லைக்கும் ஆளானார்.

2018 செப்டம்பர் 16 அன்று, வழக்கமான வெளியீட்டு அறிவிப்பு மடலிலேயே டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். மடல்களில் தான் செய்த தாக்குதல்கள் தகாதவை என்று ஒப்புக்கொண்டு, மற்றவர்களின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போவதாகச் சொல்லிச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே சமயம் மோதல் விதி நீக்கப்பட்டு, எம்கியின் உடன்படிக்கையை அடிப்படையாகக் கொண்ட நடத்தை விதி அதன் இடத்துக்கு வந்தது. அவர் இல்லாத வாரங்களில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் பொறுப்பேற்று 4.19 பதிப்பை முடித்து வெளியிட்டார். திட்டாவிட்டால் தரம் போய்விடும் என்று சொல்லப்பட்டது. அப்படி எதுவும் ஆகவில்லை.

'தகுதி அழிந்தது' என்று ஒப்பாரி வைத்தவர்கள் இருந்தார்கள். நமக்குப் பழக்கமான ஒப்பாரிதான். இடஒதுக்கீட்டுக்கு எதிராக இதே சொல் எத்தனை முறை எழுந்தது. 2017இல் முழுமையாக வெளியான ஓர் ஆய்வு, கிட்ஹப் தளத்தில் வந்த திருத்தங்களை அலசியது. மொத்தத்தில் பெண்கள் அனுப்பிய திருத்தங்கள் ஆண்களுடையதைவிட அதிக விகிதத்தில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் ஒரு திட்டத்துக்குப் புதியவராக வந்து, பெண் என்று அடையாளம் தெரியும்போது மட்டும் நிலைமை தலைகீழானது. தகுதியை அளக்கும் தராசில் யார் விரல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள். பெண்கள் 3 விழுக்காடு. மோசமான நடத்தையை அனுபவித்த அல்லது கண்ட பங்களிப்பாளர்களில் 21 விழுக்காட்டினர் அதனாலேயே ஒரு திட்டத்தை விட்டு விலகியதாகச் சொன்னார்கள்.

என் தொடக்கக் கேள்விக்கு இந்த வரலாறு தரும் பதில் இதுதான். நம்மிடம் கேட்கப்பட்ட பணிவும் இந்தப் பெண்கள் கேட்ட மரியாதையும் ஒன்றல்ல. முன்னது கீழிருப்பவரின் வாயைக் கட்டுவது. பின்னது மேலிருப்பவரின் கையைக் கட்டுவது. ஒரு விதி பெண்ணியத்துக்கு உகந்ததா என்று அறிய அதன் சொற்கள் மென்மையாக இருக்கின்றனவா என்று பார்த்துப் பயனில்லை. அதை மீறினால் உச்சியில் இருப்பவருக்கும் ஏதாவது நடக்குமா என்று பார்க்க வேண்டும். 2024 நவம்பரில், ஒரு கோப்பு முறைமையை உருவாக்கிய மூத்த நிரலாளர் சக நிரலாளரை வசைபாடியதற்காக, ஒரு பதிப்புக் காலம் முழுக்க அவருடைய பங்களிப்புக்குக் கெர்னல் சமூகம் கட்டுப்பாடு விதித்தது. 2013இல் இதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

இருந்தாலும் கணக்கு இன்னும் நேராகவில்லை. 2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' கருவி, எந்த வரியை யார், எந்த நாளில் எழுதினார் என்பதைப் பிசகாமல் பதிவுசெய்கிறது. ஒரு திட்டு மடலைப் படித்துவிட்டு, எழுதி முடித்த திருத்தத்தை அனுப்பாமலே கணினியை மூடியவளின் பெயர் அதில் இல்லை. மன்னிப்பு 2018இல் வந்தது. ஷார்ப் விலகியது 2015இல். விதி எழுதியவர்கள், மாநாடு மாநாடாக வாதாடியவர்கள், புகார் மடல்களைப் படித்துத் தூக்கம் தொலைத்தவர்கள் செய்த உழைப்பும் நிரலாக எண்ணப்படவில்லை. திறந்த மூலத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இவர்களையும் பங்களிப்பாளர்கள் என்றே எழுத வேண்டும். வீட்டை யார் கட்டினார்கள் என்று கேட்கும்போது, அதில் மற்றவர்கள் குடியிருக்கும்படி செய்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே நாம் கேட்கிறோம்.