கயிற்றின் நுனியில் ஒரு தக்கை

1913ஆம் ஆண்டு, அன்றைய பின்லாந்தில் இருந்த அந்திரேயா என்ற ஊரில், ஈரப் புல்வெளியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் கையில் மீன்வலை ஒன்று சிக்கியது. வில்லோ மரநாரில் பின்னிய அந்த வலைக்கு வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அதன் மேல்விளிம்பைத் தண்ணீரில் தூக்கிப் பிடித்த பைன் பட்டைத் துண்டுகள் 18 கூடவே கிடைத்தன. இன்று நண்டு பிடிக்கும் கூட்டுக்கு மேலே ஆடிக்கொண்டு நிற்கும் மிதவைக்கு அவைதான் மூதாதை.

பட்டை ரோமாபுரிக்கு வந்தபோது அதற்கு வேலைகள் கூடிவிட்டன. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, கார்க் ஓக் மரப்பட்டையின் பயன்களை அடுக்குகிறார்: நங்கூரக் கயிற்றுக்கு, மீன்வலைக்கு, சாடியின் வாயை அடைக்க, குளிர்காலத்தில் பெண்கள் போடும் காலணிக்கு! நம் தமிழிலும் புட்டியை அடைப்பதும் வலையை மிதக்க வைப்பதும் ஒரே ‘தக்கை’தானே? இந்தப் பட்டியலில் நங்கூரக் கயிறுதான் நம் கதைக்கு முக்கியம். வலையைச் சுமந்த தக்கை, ‘இதற்குக் கீழே என் பொருள் கிடக்கிறது’ என்று சொல்லும் அடையாளமாகவும் மாறிவிட்டது.

மரமும் பட்டையும் நாளடைவில் நீர் குடித்துக் கனத்துவிடும். 1840களில் நார்வேக்காரர்கள் கண்ணாடி உருண்டையை ஊதி வலையில் கட்டினார்கள். பெர்கன் நகர வணிகர் கிறிஸ்டோபர் ஃபாயேயின் யோசனை அது என்பார்கள். மற்ற நாடுகள் பார்த்துச் செய்தன. 1910 வாக்கில் ஜப்பானும் தொடங்கியது. பழைய சாக்கே மதுப்புட்டிகளை உருக்கி ஊதியதால் பல உருண்டைகள் பச்சையாக இருந்தன. கயிறு அறுந்த உருண்டைகள் குரோஷியோ நீரோட்டத்தில் ஏறிப் பசிபிக்கையே கடந்து, அலாஸ்காவிலும் ஓரிகன் கடற்கரையிலும் கரை ஒதுங்கின. அங்கே அவற்றைப் புதையல்போலத் தேடிச் சேர்க்கிறவர்கள் இன்றும் உண்டு.

அமெரிக்காவின் மெய்ன் கரையில் சிங்கிறால் கூடு வைப்பவர்கள் தேவதாரு மரத்தைச் செதுக்கி, ஆளுக்கொரு வண்ணம் பூசினார்கள். மிதவையின் வண்ணத்தைப் படகிலும் காட்ட வேண்டும். அப்போதுதான் யார் கூட்டை யார் தூக்குகிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரியும். பிறகு போர் வந்தது. 1942இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஓர் உயிர்காப்புத் தெப்பத்துக்குப் புதிய நுரைப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டது. நம் ஊர் தெர்மாக்கோலின் நெருங்கிய உறவு அது. போர் முடிந்ததும் நுரை மலிந்து மரத்தை விரட்டியது. அதன்பின் எண்ணெய் கேன், பால் கேன் என்று காலியானதெல்லாம் மிதவையாயிற்று.

ஆனால், படகுகளுக்கு ஆபத்தைக் கொண்டுவந்தது மிதவையல்ல, கயிறு என்றே நான் சொல்வேன். பழைய மணிலா நார்க்கயிறு தண்ணீரில் அமிழும். 1954இல் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டா உருவாக்கிய பாலிப்ரொப்பிலீனோ தண்ணீரைவிட இலேசு. மக்காது, எளிதில் அறாது. அதில் திரித்த கயிறு மலிவாகக் கிடைத்தது. மிச்சக் கயிறு மிதவைக்குப் பின்னால் நீர்மட்டத்தில் வால்போல நீண்டு கிடக்கிறது. அதற்குள் கடலில் சுழல்விசிறிகள் பெருகியிருந்தன. 1836இல் கப்பலுக்கென்று காப்புரிமை பெற்ற விசிறி, 1909 வாக்கில் ஓலே எவின்ரூடின் வெளிப்பொருத்து எஞ்சினோடு சின்னப் படகுக்கும் வந்துவிட்டது.

விசிறியும் கயிறும் ஓரிடத்தில் சந்திப்பது ஏன்? 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 9ஆம் விதியைப் பாருங்கள். குறுகிய கால்வாயில் மட்டுமே போகக்கூடிய பெரிய கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைந்த படகு இடைஞ்சல் தரக் கூடாது. ஆகவே சின்னப் படகு ஓரமாகப் போகிறது. கப்பலிடம் கூட்டை இழக்க விரும்பாதவரும் அதே ஓரத்தில்தான் கூட்டை இறக்குகிறார். மீன்பிடிக்கும் படகு வழிமறிக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. படகு போன பிறகு அங்கே கிடக்கும் கூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஓரத்தில் கறுப்புக் கேன் ஒன்று, நீரோட்டம் இழுக்கப் பாதி மூழ்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தி நேரம். விசிறியில் கயிறு சுற்றியதும் எஞ்சின் நின்றுவிடும். கூட்டின் கனம் படகைப் பின்புறமாகக் கட்டிப்போடும். படகுகள் அலையை முகத்தால் ஏற்கச் செய்யப்பட்டவை. பின்புறம் தாழ்வு, அலை அதன்மேல் ஏறிப் படகை நிரப்பிவிடும். எதிரே கப்பல் வந்தால், அதனால் சட்டென்று நிற்க முடியாது. அறுக்கலாம் என்று கத்தியோடு தண்ணீரில் குதிப்பது அதைவிட மோசம்.

மருந்து புதிதல்ல. கூடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கயிறு அமிழும் வகையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2009இல் தன் அட்லாண்டிக் கரையில் கட்டாயமாக்கியது, அது திமிங்கிலங்கள் கயிற்றில் சிக்காமலிருக்க. ஸ்காட்லாந்து 2020 முதல் கூட்டின் மிதவையில் படகின் பதிவெண்ணைக் கேட்கிறது.

மன்னார் வளைகுடாவிலும் கூடு வைக்கிறார்கள். நம் கரை நெடுகக் கேனும் தெர்மாக்கோலும் மிதக்கின்றன. கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: மிதவை பளிச்சென்று இருக்கட்டும், அதன்மேல் ஒரு கம்பும் கொடியும் நிற்கட்டும், கயிற்றில் ஒரு சிறு ஈயக்கட்டியைக் கட்டி அமிழ்த்துங்கள், கப்பல் வழியில் மட்டும் கூட்டை இறக்காதீர்கள்.