இறந்தால் மட்டுமே இழப்பா? சேலம், நாமக்கல் சமவெளியில் கால்நடை நிவாரணமும் நிலமற்றோரும்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழை கடலோரத்தைக் கடந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வரை வந்தது. அப்போது தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணத்தில், இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய் எனத் தொகைகள் இடம்பெற்றன. ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2022-26 காலத்துக்கு வகுத்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதி நெறிமுறையிலும் இவையே உள்ளன. 2023 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 ரூபாய்தான்.

இந்நெறிமுறைக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு குடும்பம் எத்தனை இழந்திருந்தாலும் கறவை மாடு மூன்று அல்லது ஆடு முப்பது வரைதான் கணக்கு. கோழிக்கு மொத்தம் 10,000 ரூபாய். ஆகவே நாமக்கல்லின் பெருங்கோழிப் பண்ணைகள் இந்நிதியை நம்பி நடப்பவை அல்ல.

நம்பி இருப்பவர்கள் வேறு. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் நிலமற்ற ஊரகக் குடும்பம் ஒன்றுக்கு நான்கு ஆடுகள் வழங்கியது. பயனாளிகளில் 30 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டது. கூலிவேலையோடு ஆடு வளர்க்கும் அருந்ததியர், ஆதிதிராவிடர் பெண்களுக்கு அந்த ஆடுகள்தாம் சேமிப்பு. முப்பது என்னும் உச்சவரம்பு அவர்களைத் தொடுவதே இல்லை. வளர்ந்த ஆடு சந்தையில் 4,000 ரூபாயைவிடக் கூடுதலாகவே விலைபோகிறது என்பதுதான் அவர்களைத் தொடும் செய்தி.

வார முறை இன்னொரு சிக்கல். உரிமையாளர் ஆட்டையோ கன்றையோ கொடுப்பார், நிலமற்றவர் வளர்ப்பார், ஈனும் குட்டிகளில் பங்கு. வாய்ச்சொல்லைத் தவிர எழுத்து எதுவும் இராது. விலங்கு இறந்தால் கால்நடை உதவி மருத்துவரின் சான்றும் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் உரிமையாளர் பெயரில் போகும். ஈராண்டு மேய்த்தவரின் உழைப்புக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

ஆனால் இச்சமவெளியின் பெரும்பேரிடர் வெள்ளமன்று, வறட்சி. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வறட்சியில் விலங்குகள் பெரும்பாலும் சாவதில்லை. மேச்சேரியிலும் புதன்சந்தையிலும் கிடைத்த விலைக்குக் கைமாறுகின்றன. நெறிமுறை சடலத்தை எண்ணுகிறது, அவசர விற்பனையை எண்ணுவதில்லை. வறட்சியில் கால்நடைக்கென அதில் உள்ளது பெரும்பாலும் தீவன உதவியே. நிலமுள்ளவரிடம் சோளத்தட்டும் வைக்கோலும் போராக இருக்கும். நிலமற்றவருக்கு ஏரிக்கரையும் மேய்ச்சல் புறம்போக்குமே தீவனக் கிடங்கு. அவை ஆக்கிரமிக்கப்பட்டாலோ, "இங்கே ஓட்டாதே" என்று விரட்டப்பட்டாலோ ஆட்டை விற்பதைத் தவிர வழியில்லை.

அவ்வாறு விரட்டுவது குற்றம். 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பொதுச் சொத்து வளங்களைப் பட்டியல் சாதியினர் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)இன் கீழ் தண்டனைக்குரியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவோ நிவாரணத்தில் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகவே தடை செய்கிறது. களத்தில் இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் குறைவு.

அமெரிக்காவில் பேரிடரில் இறந்த கால்நடைக்குச் சராசரிச் சந்தை விலையில் 75 விழுக்காடு தரப்படுகிறது. அங்கும் கடனையும் பேரிடர் உதவியையும் வழங்குவதில் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கு 1999இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. நல்ல விலைக்கணக்கு இருந்தும், பட்டியலில் பெயர் ஏற வழக்கு தேவைப்பட்டது.

இங்கே தொடக்கப்பணி மிக எளியது: புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை, ஒளிப்படம், வட்டாட்சியருக்கு எழுத்து மனு, ஒப்புகைச் சீட்டு. வாரத்துக்கு வளர்த்ததாயின் மனுவில் அதையும் எழுதவேண்டும். பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தில் ஊர்வாரியாகப் பயனாளிகள் பட்டியலைக் கேட்டு வாங்கி, காலனித் தெருவில் இறந்த ஆடுகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கலாம்.