லயக் காம்பராவுக்கு ஹோம்பொட் சரிவருமா? விலை, ஒலி, இணைப்பு

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள் ஹட்டனில், மஸ்கெலியாவில், பொகவந்தலாவையில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பொருட்களின் பட்டியலில் அண்மைக்காலமாக ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ என்ற பேசும் ஒலிபெருக்கியும் சேர்ந்திருக்கிறது. வாயால் கேட்டால் பாட்டுப் போடும், செய்தி சொல்லும், மருந்து குடிக்கும் நேரத்தை ஞாபகப்படுத்தும் என்பதுதான் அதன் விளம்பரம். கொழுந்து பறித்துக் கை ஓய்ந்து வரும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தக் கருவிகள் யாருடைய வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டன என்று பார்க்காமல் காசைக் கொடுத்தால் அது அலமாரியில் தூங்கும். இந்த வகையில் விலை கூடியவற்றுள் ஒன்றான அப்பிள் நிறுவனத்தின் ஹோம்பொட்டை முதன்மையாக எடுத்து, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது ஹோம்பொட் 2018 பெப்ரவரி 9 அன்று 349 அமெரிக்க டொலருக்கு விற்பனைக்கு வந்தது. மறுவருடம் விலை 299 ஆகக் குறைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் அந்த மாதிரியையே நிறுவனம் கைவிட்டது. இரண்டாம் தலைமுறை 2023 பெப்ரவரியில் அதே 299 டொலருக்கு வந்தது. பிரித்தானியாவில் அதன் விலை 299 பவுண், இந்தியாவில் 32,900 இந்திய ரூபா.

ஒரு டொலரை 300 இலங்கை ரூபாவாக வைத்துக்கொண்டால் 299 டொலர் என்பது 89,700 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்தால் கையில் 1,242 ரூபா. அப்படியானால் இந்த ஒரு பெட்டிக்கு 72 நாள் முழுப்பேர் விழ வேண்டும். அரைப்பேர் போட்ட நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபடி வரவுக் கொடுப்பனவும் சேர்ந்து 1,750 ரூபா கிடைத்தாலும் 51 நாள் உழைப்பு. அனுப்புகிறவர் வெளிநாட்டில் உழைத்த காசுதானே என்று சொல்லலாம். ஆனால் 89,700 ரூபாவை அம்மாவின் கையில் பணமாகக் கொடுத்தால் அவர் ஒலிபெருக்கி வாங்கியிருப்பாரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பெட்டியின் விலையோடு செலவு முடிவதுமில்லை. ஹோம்பொட்டை முதன்முதலாக இயக்க ஐபோன் அல்லது ஐபேட் கட்டாயம் வேண்டும். அண்ட்ரொய்ட் கைபேசியால் அதைத் தொடக்கிவைக்கவே முடியாது. அதில் புளூரூத் இருந்தாலும் கைபேசியிலிருந்து புளூரூத் வழியாகப் பாட்டு அனுப்ப அது இடம் தராது. வயர் செருகும் துளையும் இல்லை. பாட்டு உள்ளே போக இரண்டு வழிகள்தான்: ஒன்று அதுவே வைஃபை மூலம் இணையத்திலிருந்து எடுப்பது, மற்றது ஏர்பிளே என்ற அப்பிளின் சொந்த முறை. தோட்டங்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது அண்ட்ரொய்ட் கைபேசி. ஆகவே ஐபோன் இல்லாத வீட்டுக்கு வெறும் ஹோம்பொட்டை அனுப்புவது, பூட்டை அனுப்பிவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது போன்றது.

அடுத்தது மொழி. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விடயம், ஆனால் விலைப்பட்டியல்களில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை. ஹோம்பொட்டில் பேசும் ‘சிரி’க்குத் தெரிந்த மொழிகளின் பட்டியலில் தமிழ் தனி மொழியாக இல்லை. அமேசனின் அலெக்சாவும் கூகுளின் நெஸ்ட் ஒலிபெருக்கிகளும் 2019 அளவில் ஹிந்தியை ஏற்றுக்கொண்டன, தமிழை ஏற்கவில்லை. சிங்களமும் இல்லை. ஆங்கிலத்தில் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அதுவும் கருவிக்குப் பழகிய உச்சரிப்பில். பேசுவதற்காகவே செய்யப்பட்ட பெட்டியோடு வீட்டுக்காரர் பேச முடியாதென்றால், அவர் வாங்கியது விலை கூடிய சாதாரண ஸ்பீக்கர்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஓங்கியிருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கூர்மையாக உணர்வார்கள். 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் கேட்டது. மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசினால் லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேட்கும், ஏனென்றால் ஒரே நிலையத்தைத்தான் எல்லா வீடுகளும் வைத்திருக்கும். தபாலட்டையில் பெயரும் ஊரும் எழுதிப் போட்டால் விரும்பிய பாட்டோடு அந்தப் பெயரையும் வாசிப்பார்கள். தாமதம் இருந்தது, ஆனால் தமிழில் கேட்டோம், தமிழில் பதில் வந்தது. அன்றைய மத்திய அலைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதன் நீண்ட அலைகள் நிலத்தோடு தவழ்ந்து மேடு பள்ளங்களை வளைந்து கடக்கும். இன்றைய 4ஜி அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். இடையில் ஒரு மலை நின்றால் அதன் நிழலில் இருக்கும் லயத்துக்கு சிக்னல் இல்லை.

இணைப்பைப் பற்றிப் பேசினால் மலையகத்தில் இந்த நிழல்தான் முதற்பிரச்சினை. பல லயங்களில் கைபேசியை ஒரு குறிப்பிட்ட ஜன்னலோரம் வைத்தால்தான் இணையம் வரும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். வைஃபை ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடத்தில் இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் கைபேசியில் ஒரு யூரியூப் பாட்டைத் தடையின்றி ஓடவிட முடிகிறதா என்று ஒரு வாரம் பார்ப்பது. எல்லோரும் இணையத்தில் இருக்கும் அந்த நேரத்தில் தடுமாறினால் ஸ்பீக்கரும் தடுமாறும். டேட்டாக் கணக்கும் சிறியதல்ல. நல்ல தரத்தில் (வினாடிக்கு 256 கிலோபிட்) பாட்டுக் கேட்டால் மணிக்கு ஏறத்தாழ 115 மெகாபைட். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 14 ஜிகாபைட் வரை போகும். ‘லொஸ்லெஸ்’ எனப்படும் தரம் குறையாத ஒலியில், அப்பிள் தரும் கணக்கின்படி 3 நிமிடப் பாட்டு ஒன்றுக்கே சுமார் 36 மெகாபைட். பிள்ளைகளின் படிப்புக்கும் வட்ஸ்அப் அழைப்புக்கும் வைத்திருக்கும் டேட்டாதான் இதற்கும் போகிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தது. அது மலை நிழலைத் தாண்டும் வழிதான், ஆனால் தனியொரு லயக் குடும்பம் தாங்கக்கூடிய செலவில் இல்லை.

ஒலிக்கு வருவோம், இதில் ஹோம்பொட்டைக் குறைசொல்ல அதிகம் இல்லை. 2.3 கிலோ எடையுள்ள சிறிய உருளைக்குள் 4 அங்குல அடித்தொனி ஒலிப்பான் ஒன்றும், சுற்றிவர 5 உயர்தொனி ஒலிப்பான்களும் இருக்கின்றன. தன் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதை உள்ளிருக்கும் ஒலிவாங்கிகளால் உணர்ந்து, மூலையில் வைத்தால் ஒருவிதமாகவும் நடுவில் வைத்தால் வேறுவிதமாகவும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதன் அளவுக்கு அடித்தொனி ஆழமாகவே வரும்.

ஆனால் எந்த அறையில்? பிரித்தானியர் காலத்து லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. தகரக் கூரை. பல இடங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. மழை கொட்டும்போது தகரத்தின் சத்தத்துக்குள் மென்மையான தொனிகள் எல்லாம் மூழ்கிவிடும், 299 டொலர் கொடுத்து வாங்கிய நுணுக்கம் அங்கே காதில் விழாது. மழையில்லாத இரவில் நிலைமை தலைகீழ். உயர்தொனியை ஓரளவு மறிக்கும் சுவர் அடித்தொனியை மறிப்பதில்லை, பக்கத்துக் காம்பராவில் விடியப் பெரட்டுக்குப் போக வேண்டியவரின் தூக்கம் கெடும். ஹோம்பொட்டில் அடித்தொனியைக் குறைக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டுக் கேட்டால், பாதி விலை ஸ்பீக்கருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியை நாமே அணைத்துவிட்டோம் என்றாகிறது. தனி வீட்டுத் திட்டங்களில் கட்டிய புதிய வீடுகளுக்கு இந்தக் குறை பொருந்தாது.

இதே வரிசையில் உள்ள மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சொனோஸ் எரா 100 (2023இல் 249 டொலருக்கு வந்தது) வைஃபையோடு புளூரூத்தையும் ஏற்கும், எனவே அண்ட்ரொய்ட் வீட்டுக்கும் உதவும். அமேசனின் 2019 எக்கோ ஸ்ரூடியோவுக்கு வயர் துளையும் உண்டு. கூகுள் நெஸ்ட் ஓடியோ 100 டொலருக்குள் முடியும், புளூரூத்தும் உண்டு. இவற்றுக்கும் ஹோம்பொட்டுக்கும் பொதுவான குறை, உள்ளே பற்றரி இல்லை என்பதே. கரண்ட் போனால் மௌனம்.

கரண்ட் போவதன் அர்த்தம் எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை பற்றரியைக்கூட வடக்குக்குள் விடாதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களும் அந்தச் சில்லைச் சுற்றியிருக்கின்றன. வழமையான சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாற். ஒரு சிறிய ட்ரான்சிஸ்டருக்கு அதில் பாதியும் தேவையில்லை. செய்தி கேட்க எவ்வளவு குறைந்த சக்தி போதும் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவுகளோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதும் நம் நினைவில் இருக்கிறது. சரிவான நிலத்தில் குடியிருப்பவருக்கு எச்சரிக்கை தன் மொழியில், மின்சாரம் இல்லாத நேரத்திலும், வந்து சேர வேண்டும். இந்த ஒரு சோதனையில் விலையுயர்ந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் அனைத்தும் தோற்கும், பற்றரியில் ஓடும் பண்பலை வானொலி தேறும். எனவே எதை அனுப்பினாலும் அதோடு ஒரு சிறு வானொலியையும் சேர்த்து அனுப்புங்கள் என்பது என் தாழ்மையான பிடிவாதம்.

வீட்டுக்குள் எப்போதும் விழித்திருக்கும் ஒலிவாங்கி பற்றியும் ஒரு வார்த்தை. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகிய சமூகம் நாம். இந்தக் கருவிகள் தங்கள் விழிப்புச் சொல் கேட்கும்வரை எதையும் அனுப்புவதில்லை என்றே நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் தவறுதலாக விழித்துப் பதிவான உரையாடல்களையும் ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்பது 2019இல் வெளிவந்தது. அப்பிள் மன்னிப்புக் கேட்டு நடைமுறையை மாற்றியது. இது தொடர்பான வழக்கை 95 மில்லியன் டொலருக்கு இணக்கமாக முடிக்க அது உடன்பட்டது 2025 ஜனவரியில் தெரியவந்தது. சொனோஸ், நெஸ்ட், எக்கோ ஆகியவற்றில் ஒலிவாங்கியை அணைக்கப் பொத்தானோ சுவிட்சோ உண்டு. ஹோம்பொட்டில் அது இல்லை, அமைப்புகளுக்குள் போய் அணைக்கலாம்.

அப்படியானால் தமிழில் பேசிக் கேட்க வழியே இல்லையா? உண்டு, அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. கூகுள் 2017இல் குரலை எழுத்தாக்கும் வசதியில் தமிழைச் சேர்த்தபோது இலங்கைத் தமிழையும் தனித் தெரிவாகத் தந்தது. அண்ட்ரொய்ட் கைபேசியில் உள்ள கூகுளின் குரல் உதவியாளருக்கும் தமிழ் தெரியும். அந்தக் கைபேசியைப் பற்றரியுள்ள ஒரு புளூரூத் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டால், தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் தயார். ஜேபிஎல் ஃபிளிப் 6 போன்றது (சுமார் 130 டொலர்) 12 மணி நேரம் பற்றரியில் ஓடும், தூசிக்கும் தண்ணீருக்கும் தாங்கும். அதே நிறுவனத்தின் சார்ஜ் 5 (சுமார் 180 டொலர்) 20 மணி நேரம் ஓடுவதோடு, கரண்ட் இல்லாத இரவில் கைபேசிக்கும் சார்ஜ் ஏற்றித் தரும். ஒலியின் ஆழத்தில் இவை ஹோம்பொட்டுக்கு ஈடில்லை. தரவிறக்கி வைத்த பாட்டுக்கு இணையமும் வேண்டாம். ஒன்று கவனம்: இவற்றின் பெயரிலும் தோற்றத்திலும் போலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ரசீதும் உத்தரவாதமும் இல்லாத இடத்தில் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஹோம்பொட் வந்து சேர்ந்துவிட்ட வீட்டாருக்கு: மின் இணைப்புக் கொடுக்குமுன் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள், இங்கு 230 வோல்ட். கனடாவிலோ ஐரோப்பாவிலோ வாங்கியதென்றால் மாற்றுப் பிளக் தேவைப்படும். மெருகிட்ட மரப் பலகையில் நேரடியாக வைக்க வேண்டாம், முதல் தலைமுறை ஹோம்பொட் வெள்ளை வளையம் பதித்த கதை உண்டு. குடும்பத்தில் யாரிடமாவது பாவனையில் இல்லாத பழைய ஐபேட் இருந்தால், இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கிறதா என்று பார்த்து அதை அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கொண்டு தொடக்கி, ஐபேட்டிலேயே பாட்டைத் தெரிவுசெய்து ஏர்பிளே வழியாக அனுப்பினால், ஆங்கிலம் பேசாமலே ஸ்பீக்கரைப் பயன்படுத்தலாம்.