கொசுவத்தி: பம்பாயிலிருந்து வந்த டிவி கேம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த கொசுவத்தி இது. இன்னிக்குத்தான் சுத்த நேரம் கிடைச்சது. கொஞ்சம் வரலாறும் கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க :-)

எங்க ஊர் ராசிபுரம் பக்கம். 1996-ல எனக்கு ஏழு வயசு. அப்போ நாங்க சேலம் ஜில்லா. 1997 ஜனவரி 1-லதான் நாமக்கல் தனி மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சது. அப்பா லாரி டிரைவர். எங்க பக்கத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏத்திக்கிட்டு பம்பாய் போவார். நாம ஜவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடாமுக்கும் தவிர அதிகம் தொடமாட்டோம். மகாராஷ்டிராக்காரங்களுக்கோ விரதம்னா ஜவ்வரிசி கிச்சடிதான். போய், ரிட்டர்ன் லோடு கிடைச்சு, வீடு வந்து சேர பதினஞ்சு இருபது நாள் ஆகிடும்.

ஒரு தடவை அப்படி வந்தப்போ லுங்கியில சுத்தி ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். பம்பாய்ல பிளாட்பாரக் கடையில வாங்கினதாம். உள்ள சாம்பல் கலர்ல ஒரு பொட்டி, ஒயரோட ரெண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். (எங்களுக்கு அது கேசட்தான். கார்ட்ரிட்ஜ்னு ஒரு வார்த்தை இருக்கறதே காலேஜ் போனப்புறம்தான் தெரியும்.) கேசட் மேல 99999 கேம்னு போட்டிருந்தது. எனக்குத் தலையே சுத்திடுச்சு. ஒரு நாளைக்கு ஒண்ணு ஆடினாலும் ஆயுசு பத்தாதேன்னு கவலை வேற! ஆடிப் பார்த்தா மொத்தமே ஏழோ எட்டோ. அதையே ரெண்டாவது லெவல்ல இருந்து, மூணாவது லெவல்ல இருந்துன்னு திருப்பித் திருப்பிப் போட்டுக் கணக்குக் காட்டியிருந்தாங்க.

எங்க வீட்ல இருந்தது கருப்பு வெள்ளை டிவி. ஏரியல் ஒயரைப் பிடுங்கிட்டு இதைச் சொருகி, ட்யூனரைத் திருகித் திருகி, புள்ளிமழைக்கு நடுவுல மரியோ எட்டிப் பார்த்த அந்த நிமிஷம் இருக்கே.... அதான் என்னோட முதல் வீடியோ கேம் ஞாபகம். முதல்ல வர்ற காளான் பொம்மைகிட்டயே மோதி மூணு உயிரும் போச்சு. மரியோ தொப்பி சிவப்புன்னு ரொம்ப நாள் கழிச்சு மேலத்தெரு கலர் டிவியில பார்த்தப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆனா எங்க வீட்டு சூப்பர்ஹிட் மரியோ இல்லீங்க, ரோடு ஃபைட்டர். கொனாமி கம்பெனி 1984-ல கொண்டுவந்த கார் ரேஸ். அப்பா தானே ஆடறேன்னு உக்காந்தார். அடுத்த நிமிஷமே கம்ப்ளெயின்ட்.

"இதென்ன சாமி வண்டி? க்ளட்ச் இல்ல, ஹாரன் இல்ல. ஹாரன் இல்லாம எவன் வழி விடுவான்?"

அதுல பெட்ரோல் தீர்ந்துக்கிட்டே இருக்கும். நடுவுல கலர்கலரா ஒரு கார் வரும், அதைத் தொட்டா பெட்ரோல் ஏறும். கருப்பு வெள்ளை டிவியில எல்லாக் காரும் ஒரே சாம்பல்! எதைத் தொடறது, எதை விடறதுன்னு தெரியாம அப்பா எல்லாத்தையும் இடிப்பார். லாரி மேல இடிச்சா வெடிச்சே போயிடும். "பாரு, இங்கயும் லாரிக்காரன்தான் வில்லன்"னு சிரிப்பார். கடைசி வரைக்கும் அவரால ஒரு ரோட்டைக்கூட முழுசா முடிக்க முடியலை.

அந்தச் சிரிப்பெல்லாம் எனக்கும் அப்பாவுக்கும்தான். அம்மா அந்த நடை முழுக்க அப்பாகிட்ட பேசலை. அறுநூத்தி ஐம்பது ரூபாய். வழிச்செலவுக்கான பேட்டாவுல மிச்சம் பிடிச்சு வாங்கியிருக்கார். மிச்சம் பிடிச்சதுன்னா, வழியில பல வேளை சாப்பிடாம வந்திருக்கார்னு அர்த்தம். அம்மாவுக்கு அது பார்த்ததுமே புரிஞ்சிருக்கு. எனக்குப் புரிய இருபது வருஷம் ஆச்சு.

சேலத்துல இருந்து பெரியம்மா பையன் லீவுக்கு வந்தான். அவன் கொண்டுவந்த கேசட்ல கான்ட்ரா இருந்தது. மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. தட்டினா முப்பது உயிர்! கோயில் மந்திரம் மாதிரி நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சேன். இதைக் கண்டுபிடிச்சவர் கஜுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல கிரேடியஸ் கேமை சோதிச்சுப் பார்க்கறப்போ கஷ்டமா இருக்குன்னு தன் வசதிக்கு வச்சுக்கிட்ட குறுக்குவழி. 2020-ல அவர் காலமானார். ஜப்பான்ல ஒருத்தர் தனக்காக வச்ச சாவி ராசிபுரத்துப் பையன் நோட்டு வரைக்கும் வந்திருக்கு!

ரெண்டு வருஷம் ஓடினுச்சு. ஒரு நாள் கரண்டு ஏறி இறங்கினதுல புகை வந்து போயே போச்சு. நான் அழுதுக்கிட்டே ஸ்க்ரூ கழட்டிப் பார்த்தேன். உள்ள ஒண்ணுமே இல்லீங்க. அவ்வளவு பெரிய பொட்டிக்குள்ள கையகல போர்டு, அதுல மெழுகு உருக்கி ஊத்தின மாதிரி ஒரு கருப்புப் பொட்டு. அவ்வளவுதான்.

அந்தப் பொட்டோட கதையை ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன். அசல் இயந்திரம் நிண்டெண்டோவோட ஃபேமிகாம். 1983 ஜூலை 15-ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்தது, விலை 14,800 யென். வடிவமைச்சவர் மசாயுகி உயெமுரா. அதுல இருந்த முக்கிய சில்லுகளைத் தைவான்ல யுஎம்சி மாதிரி கம்பெனிகள் நகலெடுத்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் ஒரே சில்லுல அடக்கிட்டாங்க. நான் பார்த்த கருப்புப் பொட்டு அதான். அந்த நகல்கள் ரஷ்யாவுல டெண்டி, போலந்துல பெகாசஸ், நம்ம நாட்டுல லிட்டில் மாஸ்டர்னு ஊருக்கு ஒரு பேர்ல போச்சு. பல கேசட்ல முதல் திரையில இருந்த நிண்டெண்டோ பேரையே அழிச்சிருப்பாங்க. அதனால எங்க செட்ல யாருக்கும் அந்தப் பேரே தெரியாது. எங்களுக்கு அது "டிவி கேம்".

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வேலைக்குப் போனப்புறம் கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் போட்டு மரியோ ஆடினேன். ஆடவே முடியலை! எல்லாம் ஓட்டமா ஓடுது. பாட்டும் தலைதெறிக்கப் போகுது. சரி, வயசாயிடுச்சு, கை மெதுவாயிடுச்சுன்னு மூடி வச்சுட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது.

காரணம் வேறயாம். அப்போ ஜப்பான் டிவி என்டிஎஸ்சி முறை, நொடிக்குச் சுமார் 60 முறை படம் மாறும். நம்ம டிவி அப்போ பால் முறை, நொடிக்கு 50 முறை. கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி எடுத்து வைக்கும். நகல் சில்லு செஞ்சவங்க அதை நம்ம ஊர் மாதிரி 50 டிவிக்கு ஏத்தபடி மாத்தினாங்க. கேமை யாரும் மாத்தலை. அதனால எங்க மரியோ ஜப்பான் மரியோவைவிட ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடினார். என் கையில கோளாறு இல்லை. நான் கத்துக்கிட்ட மரியோவே வேற!

வீடியோ கேம் வரலாறுன்னு படிக்கறதுல எல்லாம் 1983, 1985-னு வருது. மெதுவா ஓடின மரியோ அதுல பெரும்பாலும் வர்றதே இல்லை. ஆனா நம்ம தலைமுறையில எத்தனை பேர் கை அந்த வேகத்துலதான் பழகியிருக்கு!

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ லேப்டாப்பைக் கொண்டுபோனேன். எமுலேட்டர்ல டெண்டின்னு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டா அதே 50. ரோடு ஃபைட்டரை ஓடவிட்டேன். அப்பா லாரி ஓட்டறதை விட்டு ஆறேழு வருஷம் ஆச்சு, கண்ணுல ஆபரேஷன் வேற. கட்டில்ல சாய்ஞ்சிருந்தவர் சத்தத்தைக் கேட்டு எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தார். கலர்கலரா ஒரு கார் வந்தது.

"இதுதான் பெட்ரோல் காரா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார்.

"இவ்வளவு பளிச்சுனு இருந்திருக்கே சாமி... அன்னிக்கே தெரிஞ்சிருந்தா முடிச்சிருப்பேனே. தள்ளு, நான் ஓட்டறேன்."

ரெண்டாவது லாரியில இடிச்சுட்டார். உள்ள இருந்து அம்மா சத்தம் போட்டாங்க, "இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"ன்னு :-)